பிலோமினாவின் வானங்கள்

பிலோமினாவுக்குக் கண் வந்தபோது வயது முப்பத்து நான்கு. ஒன்பது வயதில் அம்மை வாரிக்கொண்டு போன பார்வை, பட்டாணி அளவு சில்லு ஒன்றின் வழியாகத் திரும்பி வந்தது. அதுவும் இடது கண்ணுக்கு மட்டும். இரண்டு கண்ணுக்கும் சில்லு வைத்துக்கொண்டவர்கள் தூத்துக்குடியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மக்ரூன் கடையில் முட்டை வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஒரு கண் போதும் என்றாள். நிஜமாகவே போதுமாகத்தான் இருந்தது.

பார்வை வந்ததும் உலகம் பளிச்சென்று தெளிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. முதல் மாதங்களில் மரம் என்பது பச்சையாக ஏதோ அசைவது. மனிதர்கள் குரல் ஒட்டிக்கொண்ட நிழல்கள். விழித்திருக்கையில் பார்ப்பது கனவைப் போலவும், தூங்கும்போது வருவது விழிப்பைப் போலவும் இருந்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல மருத்துவமனையில் ஓர் ஆள் இருந்தான். பெயர் ஜெரால்டு, கிட்டத்தட்ட அவள் வயதுக்காரன், ஒரு தம்பியைத் தவிர வேறு யாரும் இல்லாதவன். சில்லுகளைத் திருகிச் சரிசெய்வதும், கண் வைத்துக்கொண்டவர்களைப் பார்வைக்குப் பழக்குவதும் அவன் வேலை. பழக்குநர் என்று அவன் சட்டைப் பையில் எழுதியிருந்தது.

கண் வைத்துக்கொண்டவர்கள் ஊரில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கமென்றால் கட்டடம், தலைவர், அடிதடி எதுவும் கிடையாது. கைப்பேசியில் ஒரு குழு. அதில் ஒரே ஒரு வழக்கம். காலையில் எழுந்து முகம்கூடக் கழுவாமல் வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். கண் பிடித்த அந்த வானத்தைக் குழுவில் போட வேண்டும். கட்டடம், கம்பி, காக்கை ஒன்றும் குறுக்கே வரக் கூடாது, வெறும் வானம். பல வருடம் இருட்டில் கிடந்தவர்களுக்கு வெளிச்சத்தைத் தவிர வேறு என்ன வேண்டும்? மற்றவர்கள் 'காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ அனுப்புகிற ஊரில் இவர்கள் வானம் அனுப்பிக்கொண்டார்கள். யாருக்கும் அதில் ஆபத்து ஒன்றும் தெரியவில்லை.

பிலோமினா குழுவில் ஒரு வானம் போடுவாள். ஜெரால்டுக்குத் தனியாக இன்னொன்று அனுப்புவாள். "எனக்கு அனுப்புறத மட்டும் சுருக்காம முழுசா அனுப்பு பிலோமி. அப்பத்தான் நிறம் சரியா தெரியும்" என்று அவன் கேட்டிருந்தான். அனுப்பியதும் அந்த நிறத்தின் பெயர் பதிலாக வரும். சுண்டின பால். உடைத்த மஞ்சள் கிழங்கு. புறாக் கழுத்து. ஒன்பது வயதோடு நின்றுபோயிருந்த நிறங்களை அவள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். ஒரு பெண்ணுக்கு ஒருவன் தினமும் ஒரு நிறம் தந்தால் பிறகு என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வெளியே சொல்ல முடியாது. கண்ணை ஏற்றவும் அணைக்கவும் பழக்குநரிடம் சாவி இருக்கிறது. அவன் கண் வைத்துக்கொண்ட கண்காரிக்கு உறவாகவோ உரிமைக்காரனாகவோ இருக்கக் கூடாது என்பது மருத்துவமனைச் சட்டம். தெரிந்தால் வேலை போய்விடும். வேறு வேலை கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பொறுத்திருந்தார்கள்.

இங்கே அந்தக் காலத்து நியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எந்தப் படத்தை வேண்டுமானாலும் இயந்திரம் வரைந்து தரும் என்றான பிறகு, படங்களை யாரும் நம்பவில்லை. செத்துப்போன தலைவர்கள் வந்து ஓட்டுக் கேட்டார்கள். போகாத ஊரில் எடுத்த கல்யாணப் படம் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்தது. நீதிமன்றங்கள் கொஞ்ச காலம் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அப்புறம்தான் மணல் சட்டம் வந்தது. எந்தக் கேமரா எடுத்த படமாக இருந்தாலும் அதற்கு அடியில் மணலைத் தூவியதுபோல் மெல்லிய இரைச்சல் ஒன்று இருக்கும். ஒரு கேமராவின் மணல் இன்னொன்றுக்கு வராது. படத்தின் மணல் பதிவான கேமராவோடு பொருந்தினால் அது சாட்சி. இல்லாவிட்டால் குப்பை. செயற்கைக் கண்ணும் கேமராதான் என்பதால், கண்காரர்கள் எல்லோரும் அவர்களை அறியாமலே நடமாடும் சாட்சிகள் ஆனார்கள். படம் எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்றெல்லாம் சட்டம் துருவுவதில்லை. மணல் பொருந்துகிறதா என்று மட்டும்தான் கேட்கும். இவ்வளவு எளிதான சட்டத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான் வரும்.

அந்தச் சட்டம் ஒரு நாள் பிலோமினாவின் வாசலுக்கு வந்தது.

உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் உப்பளத்துக் கிட்டங்கியில் பொன்னையா என்ற காவலாளியை அந்தி நேரத்தில் யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். சுமை தூக்கும் இசக்கிராஜுக்கும் அவருக்கும் முந்தின வாரம்தான் வாய்த்தகராறு. அது ஒன்றைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லாமல் வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது. சில வாரம் கழித்து, பெயரில்லாத யாரோ காவல் நிலையத்துக்கு ஒரு படம் அனுப்பினார்கள். பேருந்தின் சன்னல் வழியே எடுத்தது: உப்புக் குவியல்கள், மங்கிய ஆரஞ்சு வெளிச்சம், கையில் இரும்புக் கம்பியோடு இசக்கிராஜ், காலடியில் ஓர் உருவம். ஆய்வகம் மணலைப் பார்த்தது. பிலோமினாவின் இடது கண் என்று எழுதிக்கொடுத்தது.

அன்று அவள் அந்த வழியாகப் பேருந்தில் வந்தது உண்மை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த அலுப்பில் சன்னலில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்து, கண்ணயர்ந்து விழித்துக்கொண்டிருந்ததும் உண்மை. கண் தான் பார்த்ததைச் சில நாள்தான் வைத்திருக்கும், பிறகு துடைத்துவிடும். அந்த நாள் எப்போதோ துடைபட்டிருந்தது.

"பாத்தியளா, இல்லையா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"எனக்கு ஞாபகமில்ல சார்."

"உங்களுக்கு ஞாபகம் இல்லாட்டி என்னம்மா? கண்ணுக்கு இருக்குலா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விசாரணையில் அந்தப் படத்தை அவளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கொஞ்ச நாளில் அது அவள் தூக்கத்துக்குள் வந்துவிட்டது. கனவில் பேருந்து ஓசையில்லாமல் மிதந்து போகும். உப்பு மலைகள் பால் நிறத்தில் மினுங்கும். இசக்கிராஜ் கம்பியை ஓங்கியபடி அவளைத் திரும்பிப் பார்ப்பான். விழித்ததும் அவள் குழம்பிப்போவாள். இது கனவுதானா, நினைவா? கண்ணே கனவு போல் வந்தவளுக்கு யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

ஜெரால்டைத்தான் கேட்டாள்.

அவன் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தான். பிறகு, "நீ பாத்திருப்ப பிலோமி. அரைத் தூக்கத்துல பாத்தது மனசுல நிக்காது. அதுக்காகப் பாக்கலன்னு ஆயிருமா?" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை குளிர்ந்திருந்தது. தன்மேல் உள்ள கவலையில் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த வாரம் இசக்கிராஜின் மனைவி மாரித்தாய் மக்ரூன் கடைக்கு வந்தாள். சண்டை போடவும் இல்லை, அழவும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யக்கா, நீங்க எம் புருசனப் பாத்தியளா? பாத்தேன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் பேசாமப் போயிருதேன்" என்றாள்.

பிலோமினாவால் பாத்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, பாக்கல என்றும் சொல்ல முடியவில்லை. மாரித்தாய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு அடித்த வெள்ளைக்கரு அத்தனையும் நீர்த்துப் போயிற்று. என் கண் பார்த்ததா இல்லையா என்று தெரியாமல் ஒருவன் வாழ்க்கையை உள்ளே தள்ள முடியாது என்று அன்று முடிவு செய்தாள். இசக்கிராஜுக்காக இலவச சட்ட உதவியில் படங்களை ஆராய வந்திருந்தவரைத் தேடிப் போனாள்.

செய்யது மீரான் காயல்பட்டினத்துக்காரர். வாய் நிறையச் சிரிப்பவர், வாய் நிறையப் பேசுபவர். தன் அறையில் எப்போதும் நாலைந்து திரைகளை ஓடவிட்டுக்கொண்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

"உங்க கடையில ஒரே தட்டுல ஊத்துற மக்ரூன் அத்தனையும் ஒண்ணுபோல வருதா?" என்று கேட்டார்.

"வராது. ஒண்ணுக்குக் கொண்டை கூரா இருக்கும், ஒண்ணு சாய்ஞ்சிருக்கும்."

"கண்ணுக்குள்ள இருக்க சில்லும் அந்தத் தட்டு மாதிரிதாம்மா. லட்சக்கணக்கான பொட்டுங்க. ஒரு பொட்டு வெளிச்சத்த கொஞ்சம் கூடப் பிடிக்கும், பக்கத்துல உள்ளது கொஞ்சம் குறையப் பிடிக்கும். செய்யும்போதே விழுற குறை. அந்தக் குறைதான் மணல். நீங்க எதப் பாத்தாலும் அதுக்கு மேல இந்த மணல் விழுந்துகிட்டே இருக்கும்."

"அப்ப அந்தப் படத்துல என் மணல் இருக்குன்னா, நான் பாத்ததுதானே?"

"அங்கதான் விஷயம். மணலத் திருட முடியும். நம்ம நாட்டுல மணல் திருடுறதுக்குச் சொல்லியா கொடுக்கணும்?" என்று அவரே சிரித்துக்கொண்டார். பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு தொடர்ந்தார். "உங்க கண்ணு எடுத்த படம் கொஞ்சம் கிடைச்சாப் போதும். படத்தக் கழிச்சிட்டு மணல மட்டும் சலிச்சு எடுத்து, பொய்ப் படத்து மேல தூவிறலாம். அதுக்கு எந்தப் படம் தோது தெரியுமா? வேற ஒண்ணுமே இல்லாம, வெளிச்சமா, வெறிச்சுன்னு இருக்க படம்."

"வானம்" என்றாள் பிலோமினா.

"வானம்தான். உங்க சங்கத்து ஆளுங்க தினமும் வீட்டுச் சாவிய வாசல்ல தொங்கவிட்டிருக்கீய."

"இதக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"இருக்கு. மணலச் சலிக்கும்போது அது தனியா வராது. நிரந்தரமான மணல் எல்லாப் படத்துலயும் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு படத்துலயும் அன்னைய வெளிச்சம், அன்னையச் சூடுன்னு தற்செயலா விழுற இரைச்சல் ஒண்ணு உண்டு. அது அன்னைக்கு மட்டும்தான். உலகத்துல இன்னொரு தடவை வராது. அதுலயும் துளி ஒட்டிக்கிட்டு வந்திரும். கொலைப் படத்துக்குள்ள உங்க வானத்தோட தற்செயல் இரைச்சல் இருந்துச்சுன்னா, அந்தப் படம் அந்த வானத்தத் தின்னுதான் பிறந்திருக்குன்னு அர்த்தம். திருடுன வானம் எதுன்னு கையில கிடைச்சாப் போதும்."

பிலோமினா குழுவில் போட்ட வானங்களையெல்லாம் கொடுத்துவிட்டு வந்தாள். இத்தனை அழகான பழக்கம் இப்படிப்பட்ட காரியத்துக்கா பயன்பட்டது என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் வெளியே வந்தபோது வானத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மீரான் கூப்பிட்டார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"குழுவுல போட்டா அதுவே படத்தச் சுருக்கி நசுக்கிருது. நசுங்குன படத்துல மணல் நிக்காது. இதுல இருந்து எடுத்திருக்க முடியாது. முழுசா, நசுங்காம எங்கயாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் யோசித்துச் சொல்வதாகக் கூறிக் கைப்பேசியை வைத்தாள்.

முழுசாக, நசுங்காமல் இருந்த வானங்கள் ஒரே இடத்தில்தான் இருந்தன, அவள் கைப்பேசியில் ஜெரால்டுக்கு அனுப்பியவற்றில். அவை இருப்பதே யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. இசக்கிராஜ் உள்ளே போவான். அவள் ஜெரால்டைக் கட்டிக்கொண்டு, தினமும் ஒரு நிறத்தைப் பெயரோடு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகக்கூட இருக்கலாம். இருக்க முடியுமா? கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் மாரித்தாய் நின்ற இடத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கொடுத்தாள். நியாயத்துக்காகக் கொடுத்தாள் என்று எழுதினால் கதைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அவள் கொடுத்தது ஜெரால்டுக்காக. இதுவும் பொருந்தாது, அவன் சுத்தமானவன் என்று ஒரு இயந்திரமாவது சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டே கொடுத்தாள். "மருத்துவமனைக்கு அனுப்பினது சார்" என்று மட்டும் சொன்னாள். அதில் முழுப் பொய் இல்லை, அவன் மருத்துவமனைக்காரன்தானே.

மீரான் அவளை நேரில் வரச் சொன்னார். ஒரு திரையில் கொலைப் படம். மற்றவற்றில் அவள் வானங்கள்: சுண்டின பால், மஞ்சள் கிழங்கு, புறாக் கழுத்து. எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பெயர் தெரிந்தது.

"பொருந்துது" என்றார் மீரான். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "இந்த உப்பு, இந்தக் கம்பி, இந்த ரத்தம், எல்லாத்துக்கும் அடியில உங்க காலை நேரம்தான் கிடக்கு. நீங்க அவனப் பாக்கவே இல்லம்மா. இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இசக்கிராஜ் கனவில்கூட இனி வரமாட்டான் என்பது ஒரு பக்கம். மறுபக்கம் நெஞ்சு உடைந்துகொண்டிருந்தது. நீ பாத்திருப்ப பிலோமி என்று ஜெரால்டு சொன்ன குரல் காதிலேயே நின்றது.

"ஒரே ஒரு இடம்தான் இடிக்குது" என்று மீரான் கடைசித் திரையைக் காட்டினார். "இது மட்டும் பொருந்தல. இத எடுக்கவே இல்ல. ஏன்னு எனக்கு விளங்கல. இருக்கதுலயே சுத்தமான வானம் இதுதான். ஒரு மேகம் கிடையாது. நான் திருடனா இருந்தா மொதல்ல இதத்தான் எடுப்பேன். அரசு வக்கீல் இதத்தான் பிடிச்சுத் தொங்குவாரு."

பிலோமினா அந்த வானத்தைப் பார்த்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை.

வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் மின்விசிறிகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கண்காரர் சாட்சி சொல்லும்போது அவருடைய பழக்குநர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்பது விதி. கண்ணில் ஏதும் கோளாறு வந்தால் அவர் பொறுப்பு. அதனால் ஜெரால்டு அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி அவள் காதுக்குப் பின்னால் போனது. கூண்டில் இசக்கிராஜ். பின்வரிசையில் மாரித்தாய்.

மீரான் எல்லாவற்றையும் விளக்கினார். அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார். எதிர்பார்த்த இடத்தையே பிடித்தார்.

"ஒரே கண், ஒரே வானம். ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஒத்துப்போவதில் வியப்பென்ன? மருத்துவமனையில் யாரோ திருடினார்கள் என்கிறார் மீரான். அப்படித் திருடத் தெரிந்தவன், மேகம் படிந்த வானங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் சுத்தமான வானத்தை விட்டுவிட்டா போவான்? எதற்கு? இதற்குப் பதில் இல்லாதவரை இது திருட்டு இல்லை, கனம் நீதிபதி அவர்களே. தற்செயல்தான். படம் சாட்சியாக நிற்கும்."

நீதிபதியம்மா மீரானைப் பார்த்தார். "இதற்கு உங்களிடம் விளக்கம் உண்டா?"

"இல்லைங்கம்மா" என்றார் மீரான், முதல் தடவையாகக் குரல் இறங்கி.

நீதிபதியம்மா ஏதோ எழுதக் குனிந்தார். கூண்டில் நின்றவன் என்ன நடக்கிறதென்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் பிலோமினா.

சபை திரும்பியது.

"அந்த வானம் நான் மருத்துவமனைக்கு அனுப்பல. எந்த வானத்தையும் மருத்துவமனைக்கு அனுப்பல. ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினேன்." அவள் நீதிபதியம்மாவைப் பார்த்தே பேசினாள். "என்னக் கட்டிக்கிடுதியான்னு அவரு கேட்டாரு. விடிஞ்சதும் சொல்லுதேன்னு சொன்னேன். விடிஞ்சதும் கடை மாடியில ஏறி நின்னு, அந்த வானத்த அனுப்பி, சரின்னு எழுதினேன். எப்பவும் நிறத்துக்குப் பேர் சொல்லுவாரு. அன்னைக்கு மட்டும் பேர் தெரியலன்னு எழுதினாரு. திருடுறவனா இருந்தா அதத்தான் மொதல்ல எடுத்திருப்பான். மத்ததெல்லாம் எடுத்தாரு. அத மட்டும் அவரால எடுக்க முடியல."

"யாரால்?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

பிலோமினா பக்கத்தில் திரும்பினாள். ஜெரால்டின் கட்டைவிரல் பெட்டியின் பொத்தான்மேல் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவன் முகம், இந்த அறை, விசிறி, எல்லாம் அவளுக்கு அணைந்துவிடும். கண் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். அவனுக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவன் விரலை எடுத்துவிட்டான். பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"ரீகன் என் தம்பிம்மா" என்றான் நீதிபதியிடம். "கிட்டங்கியில மேஸ்திரி. பொன்னையாவ அவன்தான்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "சின்னப் பய. எனக்கு வேற யாரும் இல்ல."

பின்வரிசையில் மாரித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காவலர் ஒருவர் ஜெரால்டை நோக்கி நடந்தார்.

பிலோமினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் தேவலை என்று தோன்றியது. மூடவில்லை. அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.